வீட்டில் உடற்பயிற்சிக்கு ஓர் இடம்: ஏழடிக்கு ஆறடி போதும்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) பின்னால் இன்னும் செம்பனை மரங்கள் நிற்கின்றன. அதற்கு முன்பு அங்கே பால் மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், இருந்தன. என் அம்மா காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய், மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து பால் வெட்டி, வாளி சுமந்து வந்தவர். அவருக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. நான் தொழிற்சாலை வேனில் ஏறி உட்கார்ந்து போகிறேன், அங்கேயும் உட்கார்ந்தே வேலை பார்க்கிறேன், அதே வேனில் திரும்பி வருகிறேன். சாப்பாடு மட்டும் பால் வெட்டிய காலத்துச் சாப்பாடு. தட்டில் அதே அளவு சோறு.

2019-இல் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்கள் 5 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது அதிகம். எங்கள் வரிசையில் உள்ள வீடுகளை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தால், மாத்திரை டப்பா இல்லாத வீடு எது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஈப்போவில் நல்ல ஜிம்கள் இருக்கின்றன. ஆனால் போக அரை மணி, வர அரை மணி, மாதக் கட்டணம், பெட்ரோல் என்று பார்த்தால் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களால் அதைத் தொடர முடிவதில்லை. வீட்டிலேயே ஒரு மூலை இருந்தால் முடியும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் சாமான் வாங்கிவிடுகிறார்கள். அதை எங்கே வைப்பது என்பது பிறகுதான் நினைவுக்கு வருகிறது. தயவுசெய்து இந்த வரிசையை மாற்றிச் செய்யுங்கள். முதலில் இடம், அடுத்தது தரை, அதற்கும் அப்புறம்தான் சாமான்.

இடத்தை அளப்பது

அளவு நாடா வேண்டாம். தரையில் மல்லாந்து படுங்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்டுங்கள். விரல் நுனியிலிருந்து குதிகால் வரை எவ்வளவு வருகிறது என்று வீட்டில் ஒருவரைச் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு கைகளைப் பக்கவாட்டில் விரித்து அதற்கும் ஒரு கோடு. ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவருக்கு நீளம் ஏழடியும் அகலம் ஐந்தரை அடியும் வரும். அகலத்தில் அரை அடி கூடுதலாக விட்டு, ஏழடிக்கு ஆறடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் ஓரடி டைல்ஸ் பதித்திருந்தால் ஏழு கல்லுக்கு ஆறு கல். அவ்வளவுதான் வேண்டும். ஒரு கட்டில் போடும் இடத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்.

மூன்று அறை மலிவு விலை வீட்டில் அந்த இடம் எங்கே கிடைக்கும்? நான் பார்த்தவரை நான்கு இடங்கள் உண்டு. போர்ச், ஹாலில் நாற்காலிகளைத் தள்ளிவிட்டால் கிடைக்கும் நடுப்பகுதி, பின்னால் சமையலறையை நீட்டிக் கட்டிய பகுதி, துணி காயப்போடும் பின்வாசல். காடி (கார்) வெளியே போகும் நேரத்தில் போர்ச் நன்றாக இருக்கும், ஆனால் தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். பெண்களுக்கு அது ஒரு தடை. எங்கள் வீட்டில் அக்கா பல நாள் பயிற்சியை விட்டதற்கு அதுதான் காரணம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டுக்கு உள்பக்கம் ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டதும் அவருக்குப் பிரச்சினை தீர்ந்தது. வீட்டில் யார் யார் இந்த இடத்தைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

நான்கில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னைக் கேட்டால், தினமும் நீங்கள் தாண்டிப் போகிற இடத்தைச் சொல்வேன். ஸ்டோர் அறையைக் காலி செய்து அழகாக அடுக்கினால் முதல் வாரம் நன்றாக இருக்கும், பிறகு அந்தக் கதவைத் திறக்கவே மறந்துபோகும். எனக்குச் சரியாக அமைந்தது சமையலறை நீட்டல்தான். தண்ணீர் குடிக்கப் போனாலும் அந்த மேட் கண்ணில் படுகிறது.

இடத்தை முடிவு செய்ததும் அண்ணாந்து பாருங்கள். நம் வீடுகளில் பலவற்றில் கூரை தாழ்வு, சீலிங் விசிறி அதைவிடத் தாழ்வு. விசிறியை நிறுத்திவிட்டு, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, கையை நேராக மேலே தூக்குங்கள். பாட்டிலுக்கும் விசிறி இறக்கைக்கும் இடையே ஓரடிக்குக் குறைவாக இருந்தால் அந்த இடத்தில் தலைக்கு மேலே எதையும் தூக்காதீர்கள், ஸ்கிப்பிங்கும் வேண்டாம். சுவர் விசிறியோ நிற்கும் விசிறியோ வைத்துக்கொள்ளுங்கள். அதன் வயர் மேட்டைத் தாண்டிக் குறுக்கே போகாமல் சுவர் ஓரமாகப் போகட்டும்.

வெயிலும் கொசுவும்

தகரக் கூரைக்கு அடியில் மதியம் இரண்டு மணிக்குப் பயிற்சி செய்வது ஆபத்து. வெயில் ஒரு பக்கம் இருக்க, காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதால் வியர்வை காயாது, உடல் சூடு இறங்காது. பெரும்பாலானவர்களுக்குக் காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள், அல்லது மாலை மழை பெய்து ஓய்ந்த பிறகு நல்லது. நம் நாட்டில் விடிவதே ஏழு மணிக்கு மேல் என்பதால் அதிகாலையில் விளக்கு வேண்டும். விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும் ஏடிஸ் கொசு அதிகமாகக் கடிக்கும். பின்வாசலில் செய்பவர்கள் முழுக்கால் சிலுவார் (பேண்ட்) போட்டுக்கொள்ளுங்கள், விசிறியைக் காலை நோக்கித் திருப்பி வையுங்கள். காற்று ஓட்டத்தில் கொசு நிற்காது.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே செய்வதை நிறுத்திவிட்டு, ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே லேசாகச் செய்யலாம். இடி மின்னலின்போது பின்வாசல் இரும்புக் கம்பியில் தொங்க வேண்டாம். நம் பக்கம் மாலை இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தரைதான் முக்கியம்

பழைய தோட்ட லயத்து வீடுகளில் சிவப்புச் சிமெண்டுத் தரை இருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும். இப்போதைய வீடுகளில் வழவழப்பான டைல்ஸ். இரண்டிலுமே வியர்வைத் துளி விழுந்தால் எண்ணெய் சிந்தியதுபோல் வழுக்கும். வெறும் தரையில் தண்டால் எடுக்கும்போது உள்ளங்கை சறுக்கினால் முகவாய் நேராகத் தரையில் மோதும்.

கடைகளில் இரண்டு வகை மேட் கிடைக்கும். ஒன்று புதிர்த் துண்டுகள்போல் ஒன்றோடொன்று கோத்துப் போடும் நுரை மேட். படுத்துச் செய்யும் பயிற்சிகளுக்கு அது இதமாக இருக்கும், முட்டி வலிக்காது, குழந்தைகளுக்கும் நல்லது. ஆனால் பாரத்தைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் நிற்கக் கூடாது. மெத்தையில் நிற்பதுபோல் பாதம் அமுங்கும், கணுக்கால் ஆடும். இன்னொன்று கெட்டியான ரப்பர் மேட். விரல் நகத்தால் அழுத்தினாலும் பள்ளம் விழாது. நின்று செய்யும் பயிற்சிக்கும் பாரம் வைப்பதற்கும் அதுதான் சரி. இரண்டும் வாங்க வசதியில்லை என்றால் ஒரு யோகா மேட் மட்டும் வாங்குங்கள். படுத்துச் செய்யும்போது விரிக்கலாம். நின்று செய்யும்போது அதைச் சுருட்டி வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்த தரையில் ரப்பர் அடி உள்ள காலணியோடு நில்லுங்கள். நான் ஓராண்டு அப்படித்தான் ஓட்டினேன்.

மேட்டைப் போட்டது போட்டபடி மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். அடியில் ஈரம் தங்கும், கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும், எறும்பு குடியேறும். வாரம் ஒருமுறை தூக்கி நிறுத்தி, தரையைத் துடைத்து, காற்றாட விடுங்கள். ரப்பரை நேர் வெயிலில் காயப்போட வேண்டாம். பால் மரத்து ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் பட்ட ரப்பர் வெடித்துப்போகும், நிழலில் உலர்த்தினால் நெடுநாள் வரும்.

கதவு நிலையில் கம்பி மாட்டுவதற்கு முன்

தொங்கி மேலே எழுகிற பயிற்சிக்காகக் கதவு நிலையில் மாட்டும் கம்பி ஒன்றைப் பலரும் முதல் வேலையாக வாங்குகிறார்கள். நானும் வாங்கினேன். அறைக் கதவின் மரநிலையில் இறுக்கி மாட்டினேன். இரண்டு நாள் தொங்கினேன். மூன்றாம் நாள் நடுவில் ஒரு சத்தம், ஓலை கிழிவதுபோல். இடப்பக்க நிலை ஒரு முழம் நீளத்துக்கு உள்வாங்கியது. கம்பியோடு நானும் கீழே வந்தேன். இடுப்பில் அடி, பெரிதாக ஒன்றுமில்லை. எழுந்து பார்த்தபோது பெயின்ட் தோல் மட்டும் முழுதாக இருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே அப்பளம்போல் நொறுங்கியது. மரத்துக்குப் பதில் மண்ணும் வெள்ளை வெள்ளையாகக் கரையானும்.

அதனால் நிலையில் எதையும் மாட்டும் முன் ஒரு 50 சென் காசை எடுத்து, மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் கெட்டியாக ஒலிக்கும், அரித்த மரம் பொத் பொத் என்று கேட்கும். நிலையும் சுவரும் சேரும் இடத்தில் பென்சில் கனத்துக்கு மண் கோடு ஓடுகிறதா என்றும் பாருங்கள். இருந்தால் உடற்பயிற்சியை விடுங்கள், முதலில் கரையானுக்கு மருந்து அடிக்க ஆள் கூப்பிடுங்கள்.

சொந்த வீடாக இருந்து பின்னால் மண் தரையும் இருந்தால், பட்டறையில் சொல்லிக் கம்பம் செய்து நடுவதுதான் உறுதி. இரண்டு இஞ்சு ஜி.ஐ. பைப்பில் இரண்டு கால்கள், மேலே ஒரு இஞ்சுப் பைப்பைக் குறுக்கே வைத்து வெல்டிங். ஒரு இஞ்சுப் பைப்பின் வெளிவிட்டம் ஏறக்குறைய 34 மில்லிமீட்டர், கைக்குள் நன்றாக அடங்கும். இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டிக் கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். மறுநாளே தொங்கிப் பார்க்க ஆசை வரும், ஒரு வாரமாவது பொறுங்கள். கான்கிரீட் முழு பலம் பெற 28 நாள் ஆகும். குறுக்குக் கம்பியின் உயரம், நீங்கள் நின்று கையைத் தூக்கினால் விரல் நுனிக்கு ஒரு சாண் மேலே இருந்தால் போதும்.

வாடகை வீடு என்றால் தொங்குவதை மறந்துவிடுங்கள். இழுக்கும் பயிற்சிக்கு வேறு வழி கீழே சொல்கிறேன்.

பாரம்: கடையில் வாங்குவதற்கு முன் வீட்டில் தேடுங்கள்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இது ஒன்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்றரை லிட்டர் பாட்டில் இரண்டு இருந்தால், தோள் பயிற்சிக்கு ஒவ்வொரு கைக்கும் ஒன்றரைக் கிலோ ரெடி. வயதானவர்களுக்கு அரை லிட்டர் பாட்டிலே போதும்.

அதற்கு அடுத்த படி, நாம் எல்லோரும் வாங்கும் 5 கிலோ சமையல் எண்ணெய்ப் பாட்டில். எண்ணெய் தண்ணீரைவிட இலேசு என்பதால் அந்தப் பாட்டிலில் ஏறக்குறைய ஐந்தரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும், அதாவது ஐந்தரைக் கிலோ. காய்ந்த மணலை நிரப்பினால் எட்டரை, ஒன்பது கிலோவுக்குப் போகும். கைப்பிடியும் அதிலேயே இருக்கிறது. வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஊற்றி இரண்டு மூன்று முறை குலுக்கிக் கழுவுங்கள். பிசுக்கு மிச்சமிருந்தால் கை வழுக்கும். மணலைச் சாக்கில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகே போடுங்கள், ஈர மணல் நாளடைவில் நாறும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். மணல் நிரப்பிய பாட்டிலின் கைப்பிடி அடியில் வெள்ளையாகக் கோடு விழுந்தால் பிளாஸ்டிக் களைத்துவிட்டது என்று பொருள், உடனே மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் நிரப்பி வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூடியில்லாத வாளியையோ டின்னையோ பாரமாக வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசு ஆகிவிடும். டெங்கி சோதனைக்கு வருபவர்கள் கண்ணில் ஜென்டிக்-ஜென்டிக் (கொசுப் புழு) பட்டால் அபராதம். அபராதத்தைவிட வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வருவது பெரிய விஷயம்.

இன்னும் முக்கியமான ஒன்று. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் வீட்டில் களைக்கொல்லி வந்த பிளாஸ்டிக் டின்கள் கிடக்கும். நல்ல கெட்டி, நல்ல கைப்பிடி, 20 லிட்டர் பிடிக்கும். பார்த்ததும் பாரம் தூக்கத் தோன்றும். எத்தனை முறை கழுவியிருந்தாலும் அதைத் தொடாதீர்கள். பாராகுவாட் நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது, ஆனால் பழைய டின்கள் இன்னும் கொட்டகைகளில் இருக்கின்றன. வியர்த்த கை, சிராய்த்த தோல், பக்கத்தில் விளையாடும் பிள்ளை என்று எல்லாவற்றையும் நினைத்துப் பாருங்கள். உரச் சாக்கையும் அப்படியே பயன்படுத்த வேண்டாம். புதிய சாக்கு வாங்கப் பெரிய செலவில்லை.

மூட்டை வேண்டும் என்றால் காலியான 10 கிலோ அரிசிப் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காய்ந்த மணல் நிரப்பி, வாயைக் கட்டி, பழைய பள்ளிப் பைக்குள் வையுங்கள். பள்ளிப் பைக்குத் தோள்வாரும் மேலே ஒரு பிடியும் இருக்கும். அதனால் முதுகில் சுமக்கலாம், கையில் தூக்கலாம், மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழலாம். ஒரே சாமானில் இத்தனை வேலை நடக்கும் என்பதால் நான் யாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அந்தக் காலத்தில் பால் டின்னில் சிமெண்டு ஊற்றிப் பைப்பின் இரு முனையிலும் கட்டிய பாரங்களை உங்கள் வீட்டு ஆண்கள் தூக்கியிருப்பார்கள். என் சித்தப்பா செய்த ஒரு ஜோடி இன்னும் எங்களிடம் இருக்கிறது. செய்ய விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வழவழப்பான பைப்பைச் சிமெண்டு பிடித்துக்கொள்ளாது, ஒருநாள் உருவிக்கொண்டு காலில் விழும். பைப்பின் முனையில் குறுக்காக இரண்டு துளை போட்டு, நீள ஆணியைச் செருகி, அதன் பிறகு டின்னுக்குள் நிறுத்திக் கலவையை ஊற்றுங்கள். ஒரு பக்கம் நன்றாக இறுகிய பிறகு, மறுநாள் திருப்பி நிறுத்தி அடுத்த பக்கம். கான்கிரீட் ஒரு லிட்டர் அளவுக்கு ஏறக்குறைய 2.4 கிலோ வரும். இரண்டு பக்கமும் ஒரே அளவு டின்னாக இருந்தால்தான் கையில் சமமாக நிற்கும்.

இழுப்பதற்கு ரப்பர் பட்டை வாங்கலாம், விலை அதிகமில்லை. மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டிப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அது பரவாயில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். முகத்துக்கு நேராக இழுக்காதீர்கள், அறுந்தால் கண்ணில் அடிக்கும். ஜன்னல் இரும்புக் கம்பியில் மாட்டும் முன் அந்தக் கம்பி சுவரில் உறுதியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள்.

கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஓடும் மெஷின் இப்போது வேண்டாம். திடல் பக்கத்திலேயே இருக்கிறது.

சிலம்பம் கற்றவர்கள் கம்பை வீட்டுக்குள் சுற்றாதீர்கள், அதற்கும் திடல்தான் இடம். ஆனால் அடிமுறைக்கான கால் வரிசையை இந்த ஏழடிக்குள் தாராளமாகச் செய்யலாம். கம்பில்லாமல் பத்து நிமிடம் கால் வரிசை செய்தாலே தொடை நடுங்கும். உடலைச் சூடேற்ற அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

தொடங்கும் முன் ஒரு நாள் கிளினிக்கில்

நாற்பது தாண்டியவர்கள், இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, நெஞ்சுவலி உள்ளவர்கள் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். குடியுரிமை உள்ளவர்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். இனிப்பு நீருக்கு ஊசியோ சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். கை நடுக்கம், திடீர் வியர்வை, கண் இருட்டுவது எல்லாம் அதன் அறிகுறி. மேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் செய்யவே கூடாது. முடித்ததும் உள்ளங்காலைப் பார்த்துக் காயம் ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

பாரம் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். நெஞ்சு இறுக்கம், இடக்கையில் வலி, மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு 999-ஐக் கூப்பிடுங்கள். அது வாய்வு என்று நினைத்து உட்கார்ந்திருந்தவர்களை நாம் இழந்திருக்கிறோம்.

முதல் மாதம்

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடத்திலிருந்து 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. நடப்பதைத் திடலிலும் கடைக்குப் போகும் வழியிலும் வைத்துக்கொள்ளுங்கள். தசைப் பயிற்சிக்குத்தான் இந்த மூலை. திங்கள், புதன், சனி என்று மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 20 நிமிடம். ஷிஃப்ட் மாறினால் நாளை மாற்றிக்கொள்ளுங்கள், தொடர்ந்து இரண்டு நாள் ஒரே பயிற்சி வேண்டாம்.

ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்து, தோளைச் சுழற்றி உடலைச் சூடாக்கிய பிறகு இவற்றைச் செய்யுங்கள்:

1. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, 10 முறை. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், கால் விரியும். மரநாற்காலியைச் சுவரில் சாய்த்து வையுங்கள். கையை ஊன்றாமல் எழ முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் ஊன்றுங்கள். பழகியதும் நாற்காலியை எடுத்துவிட்டால் அதுதான் நம் பஸ்கி.
2. சுவரில் கை ஊன்றித் தண்டால், 10 முறை. இரண்டாம் வாரம் சமையல் மேடை விளிம்பில், அப்புறம் கனமான பெஞ்சில், கடைசியில் தரையில்.
3. ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் எண்ணெய்ப் பாட்டிலை இடுப்புப் பக்கம் இழுப்பது, பக்கத்துக்கு 10. புல்வெட்டும் மெஷினை ஸ்டார்ட் செய்யக் கயிறு இழுக்கிறோமே, அதே அசைவு, ஆனால் மெதுவாக. தொங்க முடியாதவர்களுக்கு முதுகு வலுப்பெற இதுவே வழி.
4. பையைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து, திரும்ப வைப்பது, 8 முறை.
5. இரண்டு கையிலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வீட்டின் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை நடப்பது, நான்கு நடை.

இதை இரண்டு சுற்று. மூன்றாம் வாரம் மூன்று சுற்று.

நான்காவதில்தான் பலருக்கு இடுப்பு பிடிக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியப்பா முப்பது ஆண்டுகள் செம்பனைக் குலை ஏற்றியவர். ஒரு குலை 10 கிலோவும் இருக்கும், 25 கிலோவும் இருக்கும். ஒரு நாளில் அவர் எத்தனை தூக்கினார் என்று அவருக்கே கணக்கில்லை. நான் பையைத் தூக்குவதை வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். “தம்பி, சாமானை ஏன் அவ்வளவு தூரத்துல வச்சித் தூக்குற? காலுக்கு நடுவுல கொண்டா” என்றார். என் இடுப்பில் உள்ளங்கையை வைத்து, “இதைப் பின்னால தள்ளு, கதவைப் பின்பக்கத்தால சாத்துற மாதிரி. முதுகை வளைக்காதே. இப்போ காலால தரையை அமுக்கி எழு” என்றார். பை அப்படியே இலேசாக வந்தது. பாரம் கணைக்காலை உரசும் அளவுக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இதை ஒருமுறை சரியாகக் கற்றுக்கொண்டால் கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாவற்றையும் அப்படியே தூக்கலாம். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பெரியப்பா இருப்பார். அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

முதல் வாரம் தொடையிலும் மாரிலும் வலி இருக்கும். இரண்டு மூன்று நாளில் அது போய்விடும். மூட்டுக்குள் குத்துகிற வலி வேறு. அது வந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். பாரத்தைக் கூட்டுவது எப்போது என்றால், கடைசிச் சுற்றில் பத்தாவது முறையும் முதல் முறைபோலவே சுத்தமாக வந்தால் கூட்டலாம். பாட்டிலில் தண்ணீர் இருந்தால் அதை ஊற்றிவிட்டு, மறுவாரம் முக்கால் அளவுக்கு மணல் போட்டு எடை பாருங்கள். எடைக் கருவியில் நீங்கள் தனியாக ஒரு முறை, பாட்டிலோடு ஒரு முறை ஏறி நின்றால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுக்கி வைப்பது

இரும்புச் சாமான் வாங்கியிருந்தால் நம் ஈரக்காற்றில் ஒரே மாதத்தில் துரு பிடிக்கும். முடித்ததும் வியர்வையை உலர்ந்த துணியால் துடையுங்கள், வாரம் ஒருமுறை மெஷின் எண்ணெய் ஒரு துளியைத் தேய்த்துவிடுங்கள். பாட்டில்களைத் தரையோரம் வையுங்கள், அலமாரி மேல்தட்டில் வேண்டாம். சிறு பிள்ளைகள் இழுப்பார்கள். ஒன்பது கிலோ மணல் ஒரு குழந்தையின் காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளும் கூடச் செய்ய வேண்டும் என்று அடம்பிடித்தால் அரை லிட்டர் பாட்டிலில் சாயத் தண்ணீர் ஊற்றி அவர்களுக்கென்று தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

சுவரில் ஒரு ஆணி அடித்து ஒரு காலண்டரை மாட்டுங்கள். கடைகளில் இலவசமாகத் தரும் தமிழ்த் தினசரி காலண்டரே போதும். பயிற்சி செய்த நாளின் தாளை ஓரம் மடித்துவிடுங்கள். கிழித்த தாள்களைக் கட்டி வைத்தால் மாத முடிவில் எத்தனை மடிப்பு என்று எண்ணலாம். எங்கள் வீட்டில் போன மாதம் என் கணக்கு ஒன்பது. அம்மாவுடையது பதினாறு. அவர் செய்வது முதல் பயிற்சி மட்டும்தான், காலையில் விளக்கேற்றிவிட்டு அந்த மரநாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுகிறார். முட்டி வலிக்கிறது என்று ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், இப்போது கையைக் கட்டிக்கொண்டு எழுகிறார். அந்த நாற்காலியைச் சாப்பாட்டு மேசைக்கு யாராவது இழுத்துப் போனால் உடனே குரல் கொடுத்துத் திரும்ப வைக்கச் சொல்கிறார்.